கேம்பிங் தண்ணீருக்கு எந்தக் கேன்? கெட்டி, மடக்கு, பை, பாட்டில்: ஓர் ஒப்பீடு

கேம்பிங் போகிறவர்கள் கூடாரம் வாங்க ஒரு மாதம் அலசுவார்கள். தூங்கும் பையின் எடையைக் கிராம் கணக்கில் ஒப்பிடுவார்கள். தண்ணீரை எதில் கொண்டுபோவது என்ற கேள்வி மட்டும் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வரும். அப்போது கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அடுத்த தடவையாவது ஒழுங்காக ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் தலை சுற்றும். 20 லிட்டர் கெட்டிக் கேனா, மடக்கி வைக்கிற கேனா, சுருட்டி வைக்கிற பையா, முதுகில் மாட்டிக் குழாயில் உறிஞ்சுகிற பையா, இல்லை பாட்டில்களே போதுமா?

எல்லாமே தண்ணீர் பிடிக்கிற சாமான்தானே, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று நினைப்பதால் வருகிற குழப்பம் இது. முகாமில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. தண்ணீர் கிடைக்கிற இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வருவது ஒன்று. கூடாரத்துப் பக்கத்தில் வைத்துப் புழங்குவது இன்னொன்று. நடக்கும்போது குடிப்பது மூன்றாவது. ஒரே பாத்திரத்தை இரண்டு வேலைக்கு இழுக்கும்போதுதான் பெரும்பாலான தொல்லை தொடங்குகிறது. அதனால் எந்தக் கேன் நல்லது என்று கேட்பதற்கு முன்னால், எந்த வேலைக்கு என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

## முதலில் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதில் எந்தக் கம்பெனியும் எந்தப் புதுப் பொருளும் ஒன்றும் செய்ய முடியாது.

குடிக்க மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டிலிருந்து மூன்று லிட்டர் வேண்டும். சமையல், பாத்திரம் கழுவுவது, கை கழுவுவது, பல் தேய்ப்பது எல்லாம் சேர்த்தால் நான்கு, ஐந்து லிட்டர் ஆகிவிடும். வெயில் கடுமையாக இருந்தாலோ, மலையேற்றம் என்றாலோ இன்னும் கூடும். குளியலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான்கு பேர் இரண்டு முழு நாள் தங்கினால் 32 முதல் 40 லிட்டர். கொட்டிப்போவதற்கும் கிளம்பத் தாமதமாவதற்கும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் 45, 50 லிட்டர் வரை போகும்.

இது தண்ணீரே கிடைக்காத இடத்துக்கான கணக்கு. முகாமிலேயே குழாய் இருந்தாலோ, நம்பகமான ஓடை பக்கத்தில் இருந்தாலோ அரை நாளுக்கு வேண்டியதைக் கையிருப்பில் வைத்தால் போதும். அங்கே 20 லிட்டர் கேன் வெறும் இடத்தை அடைக்கும் சாமான்தான். ஆக, போகிற இடத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது, வண்டி நிற்கிற இடத்திலிருந்து கூடாரம் எவ்வளவு தூரம் என்ற இரண்டும் தெரிந்தாலே பாதி முடிவு ஆகிவிடும்.

## எதையெல்லாம் பார்ப்பது

நிறைந்த எடை. கடையில் கேனைக் காலியாகத்தான் தூக்கிப் பார்க்கிறோம். 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் நிறைந்தால் 21 கிலோவுக்கு மேல். அதை ஒரு கையில் தூக்கி நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், மேடுபள்ளத்தில் கால் இடறும், கேன் முழங்காலில் இடிக்கும். அதே தண்ணீரை இரண்டு 10 லிட்டர் கேனில் பிரித்து இரண்டு கையிலும் பிடித்தால் நிமிர்ந்து நடக்கலாம். ஒன்று ஓட்டையானாலும் பாதித் தண்ணீர் மிஞ்சும். பையன்களோ வயதானவர்களோ கூட வந்தால் அவர்களும் ஒன்றைத் தூக்கலாம். கேன் நிரந்தரமாக வண்டியிலேயே இருக்கப்போகிறது என்றால் ஒழிய, 20 லிட்டர் வாங்க நினைப்பவர்களை இரண்டு பத்தாக வாங்கச் சொல்வேன்.

வாய். கை நுழைகிற அளவுக்கு அகலமான வாய் இருந்தால் உள்ளே தேய்த்துக் கழுவலாம். ஆனால் முகாமில் யாராவது டம்ளரை நேராக உள்ளே விட்டு மொள்ளுவார்கள், விரலும் சேர்ந்து நனையும், அதோடு சுத்தமான தண்ணீர் கெட்டது. குறுகிய வாயில் அந்தக் கவலை இல்லை, ஆனால் உள்ளே பாசி படிந்தால் எதை விட்டுத் தேய்ப்பது? வாய் அகலமாகவும் இருந்து, கீழே குழாயும் இருந்து, முகாமில் இருக்கும்வரை மூடியைத் திறப்பதில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டால் அதுதான் நல்ல ஏற்பாடு.

காலியான பிறகு. வரும்போது தண்ணீர் இருந்த இடம் திரும்பும்போது வெறும் காற்றாக இருக்கும். வண்டியில் இடம் இருந்தால் பரவாயில்லை. முதுகுப் பையில் அப்படி விட முடியாது.

கிழிந்தால், உடைந்தால். அந்த இடத்திலேயே சரிசெய்ய முடியுமா என்பது கடையில் யாருக்கும் தோன்றாத கேள்வி. சில பொருள்களில் ஒட்டு நிற்கும். பாலிஎத்திலீனில் கிட்டத்தட்ட எந்தப் பசையும் நிற்காது.

என்ன பொருள். அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும். 1 பெட் (கடைத் தண்ணீர், சோடா பாட்டில்களின் பிளாஸ்டிக்), 2 கெட்டிப் பாலிஎத்திலீன், 4 மென்மையான பாலிஎத்திலீன், 5 பாலிப்ரொப்பிலீன். 7 என்பது மற்றவை எல்லாம் சேர்ந்த கதம்பம். பிஸ்ஃபீனால் ஏ என்ற ரசாயனம் பற்றிய கவலை எழுந்த பாலிகார்பனேட்டும் அதில் வரும், அந்த ரசாயனம் கலக்காத ட்ரைட்டான் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும் அதிலேயே வரும். எண் மட்டும் போதாது, உணவுக்கு ஏற்றது என்ற அடையாளமும் வேண்டும். கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த குறி அதற்குத்தான். பெட்ரோல், மண்ணெண்ணெய், ரசாயனம் எது இருந்த கேனையும் எத்தனை தடவை கழுவினாலும் தண்ணீருக்கு எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் அதை உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பால் வந்த பிளாஸ்டிக் கேனும் வேண்டாம். அதில் ஒட்டிய புரதமும் சர்க்கரையும் முழுசாகப் போகாது, கிருமிக்கு நல்ல தீனி.

## கெட்டிக் கேன்

கெட்டிப் பாலிஎத்திலீனில் வார்த்த 10, 20 லிட்டர் கேன்கள். வண்டியில் போய் இறங்கும் முகாமுக்கு இதைவிட நம்பகமானது இல்லை. கீழே போட்டால் உடையாது, முள் குத்தினால் ஓட்டையாகாது, தானாக நிமிர்ந்து நிற்கும், அவசரத்துக்கு மேலே உட்காரவும் செய்யலாம்.

இந்தச் சதுரக் கேனின் மூதாதை 1937இல் ஜெர்மன் ராணுவத்துக்காக எஃகில் வடிவமைத்த 20 லிட்டர் எரிபொருள் கேன். மேலே மூன்று கைப்பிடி வைத்தார்கள். நடுப்பிடியில் ஒருவர் தூக்கலாம். நிறைந்த கேனை ஓரப்பிடிகளில் ஆளுக்கொன்று பிடித்து இருவர் தூக்கலாம். காலிக் கேன்கள் இரண்டைச் சேர்த்து வைத்து ஒரே கையில் பிடிக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் கேன்கள் பலவற்றில் ஒரே ஒரு பிடிதான். அதிலும் வார்ப்பின் இணைப்புக்கோடு பிடியின் அடிப்பக்கம் மெல்லிய விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். காலிக் கேனில் அது தெரியாது. நிறைந்த கேனோடு கொஞ்ச தூரம் நடந்தால் விரல்களின் உள்மடிப்பில் சிவப்பாகக் கோடு விழும். வாங்கும்போதே பிடிக்கு அடியில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம், இல்லை பழைய ரப்பர் குழாயை நீளவாக்கில் கீறி மாட்டிவிடலாம்.

இனி குழாய். கெட்டிக் கேனின் பலவீனம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

முதல் விஷயம் காற்று. கேன் சுருங்காது. வெளியே போகிற தண்ணீருக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டும். வராவிட்டால் குழாய் முதலில் நன்றாக ஓடும், அப்புறம் நூலாக மெலியும், பிறகு குபுக் குபுக் என்று விட்டுவிட்டு வரும். நல்ல கேனில் குழாய்க்கு எதிர்ப்பக்கம் சின்ன காற்று மூடி ஒன்று இருக்கும். இல்லாத கேனில் பெரிய மூடியைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். தளர்த்திய மூடியை மறந்துவிட்டு வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது, குழாயைத் திறக்கும் விதம். அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடுகிற குழாய் தண்ணீரை மிச்சப்படுத்தும். ஆனால் ஒரு கை குழாயிலேயே இருக்கவேண்டும், மிச்சம் ஒரு கையை எப்படிக் கழுவுவது? நெம்புகோல் குழாய் கை கழுவ வசதி, ஆனால் சாமான்களுக்கு நடுவே பயணத்தில் எதிலாவது இடித்துத் தானே திறந்துகொள்ளும். திருகுகிற குழாய் மெதுவானது, இருந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். எந்த வகையானாலும் பயணத்தில் குழாயைக் கழற்றிவிட்டுச் சாதா மூடியைப் போடுங்கள், முகாமில் போய் மாட்டிக்கொள்ளலாம். பல கேன்களில் குழாயை உள்பக்கமாகத் திருப்பி மூடி வைக்கும் வசதி உண்டு.

மூன்றாவது கசிவு. ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் எட்டு மணி நேரத்தில் 28,800 சொட்டு, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ராத்திரி தூங்கி எழுவதற்குள் ஒருவரின் அரைநாள் குடிதண்ணீர் மண்ணுக்குப் போயிருக்கும். பெரும்பாலும் குற்றவாளி மரைக்கு நடுவே இருக்கும் ரப்பர் வாஷர்தான். ஒரு வாஷரும் கொஞ்சம் டெஃப்லான் டேப்பும் பையில் இருந்தால் தீர்ந்தது. கேனின் வாய் மரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், மாற்றுக் குழாயைக் கேனோடு சேர்த்தே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். இது கெட்டிக் கேனின் மறைமுகச் செலவுகளில் முதலாவது. வண்டியில் கட்டிவைக்கும் பட்டை இரண்டாவது. பிரேக் போட்டால் 20 கிலோ சாமான் முன்னால் பாயும். தரையோடு தரையாக, இருக்கையின் முதுகை ஒட்டி, பட்டை போட்டு இறுக்கவேண்டும். வண்டிக் கூரைமேல் தண்ணீரை ஏற்றாதீர்கள், வளைவுகளில் வண்டி ஆடும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெளிர் கேனில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தாலே தெரியும், ஆனால் வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும். அடர்நிறக் கேனில் பாசி குறைவு, மிச்சத்தைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். வெளிர் கேனை வாங்கி மேலே ஒரு துணியைப் போர்த்திவிடுவது என் கட்சி. நீலக் கேன் என்றாலே தண்ணீர் என்று நம்பிவிடவும் வேண்டாம், சில நாடுகளில் மண்ணெண்ணெய்க்கும் அதே நிறம். அழியாத மையில் பெரிதாகத் ‘தண்ணீர்’ என்று எழுதிவிடுங்கள்.

எஃகுக் கேன் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். காலியாகவே நான்கு கிலோவுக்கு மேல் கனக்கும், உள்பூச்சு உரிந்தால் துருவும் பிடிக்கும். நீண்ட பாலைப் பயணத்துக்கு வண்டியின் வெளியே மாட்டுகிறவர்கள் வாங்கட்டும். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

## மடக்குக் கேன்

ஹார்மோனியத் துருத்தி போல மடிகிற கேன்களும், மெல்லிய பாலிஎத்திலீனில் சதுரமாக உப்பி நிற்கிற கேன்களும் இந்த வகை. காலியானால் தட்டையாகிவிடும், விலையும் எடையும் குறைவு. நிவாரணப் பணிகளில் யூனிசெஃப் போன்ற அமைப்புகள் 10 லிட்டர் மடக்குக் கேன்களைக் கொடுப்பதற்குக் காரணமும் இதுதான், ஒரே பெட்டியில் ஏராளமாக அடுக்கி அனுப்பலாம்.

இன்னொரு நன்மையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. தண்ணீர் குறையக் குறைய மெல்லிய கேன் தானே சுருங்கிக்கொடுக்கும். காற்று மூடி தேவையில்லை, குழாயும் ஒரே சீராக ஓடும். காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடினால் நடக்கும்போது தளும்பாது.

சரி, குறை என்ன? மடிப்புதான். ஒரே மூலையில் திரும்பத் திரும்ப மடிந்தால் அங்கே பிளாஸ்டிக் வெளுக்கும், பிறகு மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போது விரித்தால் இன்னும் சீக்கிரம். நான் மேலே சொன்னபடி பாலிஎத்திலீனில் ஒட்டும் நிற்காது, அந்தக் கேனின் கதை அதோடு முடிந்தது. வெளுத்த மூலை தெரிந்தாலே அடுத்த பயணத்துக்கு எடுக்காதீர்கள். பாதி காலியானதும் நிமிர்ந்து நிற்காமல் குழாய்ப் பக்கமாகக் குப்புற விழுவது இன்னொரு தலைவலி. மேசை ஓரத்திலோ பாறைமேலோ சாய்த்து வைக்கவேண்டும், அங்கிருந்து உருண்டால் அதோடு போச்சு. புதிதில் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவினால் பெருமளவு குறையும்.

வருஷத்துக்கு ஓரிரு தடவை போகிறவர்கள், பஸ்ஸிலோ ரயிலிலோ போய் முகாமில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள், வீட்டில் சாமான் வைக்க இடமில்லாதவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தும். தண்ணீரே இல்லாத இடத்துக்கு இதை மட்டும் நம்பிப் போவதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

## சுருட்டும் பை

நைலான் துணியோடு பாலியூரிதேனை ஒட்டிச் செய்த, 4 முதல் 10 லிட்டர் வரை பிடிக்கிற கனமான பைகளும், பாலியூரிதேன் படலத்தில் செய்த மெல்லிய இரண்டு மூன்று லிட்டர் பைகளும் உண்டு. இரண்டும் காலியானால் உள்ளங்கை தடிமனுக்குச் சுருண்டுவிடும். மடக்குக் கேனோடு ஒப்பிட்டால் விலை அதிகம், ஆயுளும் அதிகம். மடிப்பில் எளிதில் விரியாது, சின்ன ஓட்டையை ஒட்டுத்துண்டு வைத்து அடைக்கலாம்.

நடந்துபோய்த் தங்குகிறவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். பகலில் காலியாகப் பையின் அடியில் கிடக்கும், ஒரு எடையும் தெரியாது. கூடாரம் போடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடை வந்தால் எடுத்து நிரப்பிக்கொண்டு, ஓடையை விட்டு விலகி மேட்டில் போய்த் தங்கலாம். பை இல்லாதவர்கள் தண்ணீர்க் கரையிலேயே தங்கவேண்டியிருக்கும். கொசுவும் ஈரமும் அங்கேதான்.

கருப்புப் பையை வெயிலில் கிடத்தினால் சாயங்காலம் கைகால் கழுவ வெதுவெதுப்பான தண்ணீர். கிளையில் தொங்கவிட்டால் குழாயடி. ஆனால் தொங்கும் பையின் முழு எடையையும் தாங்குவது மேலே இருக்கும் தையல்தான் என்பதால், கனமான துணிப்பையை மட்டும் தொங்கவிடுங்கள்.

மெல்லிய பைகளைத் தண்ணீர் சுத்திகரிக்கும் ஃபில்டரோடு சேர்த்துப் பிழிந்து பயன்படுத்துவார்கள். இங்கே மரையைக் கவனிக்கவேண்டும். சில கைப்பிடி ஃபில்டர்கள் சாதா சோடா பாட்டிலின் 28 மில்லிமீட்டர் மரையில் மாட்டும், வேறு சில அகலமான மரை கேட்கும். பையை ஒரு இடத்திலும் ஃபில்டரை ஒரு இடத்திலும் வாங்கி ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திண்டாடுவது சகஜம். ஓடையில் குறுகிய வாய்ப் பையை அமுக்கினால் நிரம்பாது, மூச்சு முட்டினதுபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். அடிப்பக்கம் முழுவதும் திறந்து, பட்டையால் மூடுகிற பையை ஒரே வீச்சில் மொண்டுவிடலாம். சுத்தம் செய்யாத தண்ணீர்ப் பையையும் குடிக்கிற பாத்திரத்தையும் கலக்கவே கூடாது. ஒன்றில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், இருட்டில் குழம்பாது.

## உறிஞ்சு பை

முதுகுப் பைக்குள் மாட்டி, குழாய் வழியே நடந்துகொண்டே உறிஞ்சுகிற பை. பொதுவாக ஒன்றரையிலிருந்து மூன்று லிட்டர். நிற்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க முடிவது பெரிய வசதி. எடையும் முதுகை ஒட்டியே இருக்கும்.

எனக்கு இதில் அவ்வளவு மோகம் இல்லை. உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது, ‘சர்ர்’ என்று காற்று வரும்போதுதான் தீர்ந்தது தெரியும். நிரப்ப முதுகுப் பையைத் திறக்கவேண்டும், நிரம்பிய பையை சாமான்களுக்கு நடுவே மறுபடி நுழைப்பது ஒரு மல்யுத்தம். குழாய் நுனியில் கடித்து உறிஞ்சுகிற கடிவாய்மேல் ஏதாவது அழுத்தினால் மெதுவாக ஒழுகி மாற்றுத்துணியை நனைக்கும். குளிரில் முதலில் உறைவது குழாய்த் தண்ணீர்தான். குடித்ததும் ஊதித் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்பினால் தப்பிக்கலாம். ஜூஸ், சர்க்கரை, உப்புக் கரைசல் எதையாவது ஊற்றினீர்கள் என்றால் குழாய்க்குள் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். அதற்கென்று நீளப் பிரஷ், உலர்த்தும் கொக்கி, மாற்றுக் கடிவாய் என்று தனிச் செலவு. உலர்த்தப் பொறுமை இல்லாதவர்கள் காலிப் பையை வீட்டு ஃப்ரீசரிலேயே போட்டுவைக்கிறார்கள், பூஞ்சை வளராது.

கையில் எப்போதும் ஊன்றுகோல் இருக்கிற நெடுந்தூர நடைக்காரர்கள், சைக்கிள்காரர்கள் இவர்களுக்குச் சரி. முகாமில் சமைக்க இதிலிருந்து தண்ணீர் பிடிக்கப் பாருங்கள், அப்புறம் புரியும்.

## பாட்டில்

கடையில் தண்ணீரோ சோடாவோ வாங்கின பெட் பாட்டிலைக் கேவலமாக நினைக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் 30, 40 கிராம்தான். அதே அளவு அகலவாய் ட்ரைட்டான் பாட்டில் சுமார் 180 கிராம், கெட்டிப் பாலிஎத்திலீன் பாட்டில் 110 கிராம் அளவில் வரும். ஒற்றைச் சுவர் ஸ்டீல் அதைவிடக் கனம், வெப்பம் காக்கும் இரட்டைச் சுவர் பாட்டில் எல்லாவற்றையும்விடக் கனம். எடைக்கு அஞ்சுகிற நடைக்காரர்கள் பலர் கடைசியில் பெட் பாட்டிலுக்கே திரும்புவது இதனால்தான். வேறு வழியே இல்லாதபோது தெளிந்த தண்ணீரை இரண்டு லிட்டருக்கு மேற்படாத நிறமில்லாத பெட் பாட்டிலில் ஊற்றி, படுக்கவைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால் கிருமிகள் பெருமளவு அழியும். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு நாள். கொதிநீர் மட்டும் ஊற்றக்கூடாது, சுருங்கிக் கோணிவிடும்.

ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலுக்கு வேறு எதற்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. பூச்சு எதுவும் இல்லாததாக இருந்தால், மூடியைக் கழற்றிவிட்டு நேரே தீயில் வைத்துக் கொதிக்கவைக்கலாம். இரட்டைச் சுவர் பாட்டிலை ஒருபோதும் தீயில் வைக்காதீர்கள். அதன் சுவர்களுக்கு நடுவே அடைபட்ட இடைவெளி இருக்கிறது, சூட்டில் வெடிக்கும். இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரி தெரியும் என்பதுதான் ஆபத்து.

குளிர்ப் பிரதேசத்தில் அகலவாய்க் கெட்டிப் பாட்டில்தான் ராஜா. ட்ரைட்டானில் வெந்நீர் ஊற்றி இறுக மூடித் தூங்கும் பைக்குள் காலடியில் வைத்தால் ராத்திரி முழுக்க இதம், காலையில் உறையாத தண்ணீரும் கிடைக்கும். வெளியே வைப்பதானால் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் கட்டும், தலைகீழாக வைத்தால் மூடி அடைபடாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், ஆகவே எதையும் கழுத்துவரை நிரப்பக்கூடாது.

## ஒரே பார்வையில்

| | கெட்டிக் கேன் | மடக்குக் கேன் | சுருட்டும் பை | உறிஞ்சு பை | பாட்டில் |
|---|---|---|---|---|---|
| வழக்கமான அளவு | 10–20 லிட்டர் | 10–20 லிட்டர் | 2–10 லிட்டர் | 1.5–3 லிட்டர் | அரை–1 லிட்டர் |
| எந்த வேலைக்கு | வைத்துப் புழங்க | கொண்டுவர, புழங்க | கொண்டுவர | நடையில் குடிக்க | நடையில் குடிக்க |
| காலியானால் | இடம் குறையாது | தட்டையாகும் | சுருண்டுவிடும் | தட்டையாகும் | இடம் குறையாது |
| முதலில் கெடுவது | குழாய், வாஷர் | மடிப்பு மூலை | மூடி, தையல் | குழாய், கடிவாய் | மூடி |
| அந்த இடத்திலேயே சரிசெய்ய | வாஷர் மாற்றலாம் | முடியாது | ஒட்டலாம் | ஓரளவு | தேவைப்படாது |
| கழுவ | அகலவாய் என்றால் எளிது | கடினம் | நடுத்தரம் | மிகக் கடினம் | எளிது |
| மறைமுகச் செலவு | மாற்றுக் குழாய், பட்டை | அடிக்கடி புதிது | பொருந்தும் ஃபில்டர் | பிரஷ், கடிவாய் | கிட்டத்தட்ட இல்லை |

## யாருக்கு எது

வண்டியில் போய், தண்ணீர் இல்லாத இடத்தில் தங்கும் குடும்பம்: 10 லிட்டர் கெட்டிக் கேன்கள் தேவைக்கேற்ப நான்கு, ஐந்து. அதில் ஒன்றில் மட்டும் குழாய் போதும், தீர்ந்ததும் அடுத்த கேனுக்கு மாற்றிக்கொள்ளலாம். கேன்களை வரிசையாகத் திறப்பதால் எவ்வளவு மிச்சம் என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஆளுக்கொரு பாட்டில் தனியாக.

வண்டியில் போய், குழாய் இருக்கிற முகாமில் தங்குகிறவர்கள்: ஒரு கெட்டிக் கேன், இல்லாவிட்டால் ஒரு மடக்குக் கேன். இங்கே ரொம்ப யோசிக்கவேண்டாம்.

முதுகில் சுமந்து நடப்பவர்கள்: இரண்டு ஒரு லிட்டர் பாட்டில், ஒரு சுருட்டும் பை, அதற்குப் பொருந்துகிற ஃபில்டர். மெல்லிய குழல் இழைகளால் வடிகட்டுகிற நுண்குழல் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளிழை வெடித்துக் கெட்டுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர் ராத்திரியில் அதையும் தூங்கும் பைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரு மடக்கு வாளி இருந்தால் நல்லது. பாத்திரம் கழுவும் தண்ணீரை ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய்க் கழுவவேண்டும் என்பது கேம்பிங்கில் பொதுவாக ஒத்துக்கொண்ட ஒழுங்கு. அந்த வேலைக்குக் குடிதண்ணீர்க் கேனை இழுக்கத் தேவையிருக்காது.

## கழுவுவதும் வைப்பதும்

சோப்புத் தண்ணீரில் கழுவி அலசியபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, வாசனை சேர்க்காத வீட்டு உபயோகத் திரவ பிளீச் கலந்து கேனுக்குள் எல்லாப் பக்கமும் படும்படி குலுக்குங்கள். அரை நிமிஷமாவது விட்டுக் கொட்டிவிட்டுக் காற்றில் உலரவிடுங்கள். குழாய் வழியாகவும் கொஞ்சம் ஓடவிடவேண்டும், எல்லோரும் மறப்பது அதைத்தான். பிளீச்சோடு எலுமிச்சையோ வினிகரோ வேறு எந்த அமிலமோ சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். ஸ்டீலில் பிளீச்சை ஊறவிடாதீர்கள், அரிக்கும். கை நுழையாத கேனில் பாசி படிந்திருந்தால் ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் உராய்ந்து வந்துவிடும்.

கேன் சுத்தமாக இருப்பதால் உள்ளே ஊற்றிய ஓடைத் தண்ணீர் சுத்தமாகிவிடாது. கொதிக்கவைப்பதானால் நன்றாகத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிஷம், 2,000 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் மூன்று நிமிஷம்.

புதுக் கேன் எதுவானாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நிரப்பி, குழாயை மாட்டி, பழைய செய்தித்தாள்மேல் ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் எந்த இடம் என்று காலையில் தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளவும் நாள் இருக்கும். திரும்பி வந்ததும் மூடியைத் திறந்துபோட்டு நன்றாக உலர்த்தி, மூடாமலேயே எடுத்துவைத்து, மூடியையும் குழாயையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள். கட்டும்போது மூடிக்குள் வாஷர் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், கழுவும்போது கழன்று தண்ணீரோடு போய்விடுவது அதன் வழக்கம்.